சென்ட்டில் இருக்கிறது, போய்ச் சேர்ந்ததா?

மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் கடையின் மெயில் ஐடியைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். பிரிண்ட் எடுக்க வருகிறவர் அந்த ஐடிக்கு ஃபைலை அனுப்பிவிட்டு நிற்பார். "அனுப்பிட்டேண்ணே, பாருங்க." "இன்னும் வரலையே தம்பி." "சென்ட்ல காட்டுதே!" கடைக்காரர் இன்னொரு தடவை ரெஃப்ரெஷ் அடிப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பையனின் போனைப் பொறுத்தவரை மெயில் கிளம்பிவிட்டது. கடைக்காரரின் கணினிக்கு அது இன்னும் வரவில்லை. நடுவில் எங்கே நிற்கிறது என்று அந்த இடத்தில் இருக்கும் யாராலும் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் இந்த வாக்குவாதமே வராது. ஒரு டிக் என்றால் சர்வர் வரை, இரண்டு டிக் என்றால் எதிராளியின் போன் வரை. அனுப்புகிற போன், நடுவில் உள்ள சர்வர், வாங்குகிற போன் மூன்றிலும் ஓடுவது ஒரே கம்பெனியின் மென்பொருள் என்பதால் அந்த டிக்கைப் போட முடிகிறது. ஈமெயில் அப்படி யாருக்கும் சொந்தமானதில்லை. ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்குப் போகும், யாஹூவில் இருந்து ஜோஹோவுக்குப் போகும், ஏதோ ஒரு கல்லூரி தன் லேப் மூலையில் வைத்திருக்கும் பழைய சர்வருக்கும் போகும். ஒன்றையொன்று அறியாத சர்வர்கள் சில பொது விதிகளை மட்டும் நம்பிக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. சென்ட் ஃபோல்டரில் ஒரு மெயில் இருந்தால், வழியில் உள்ள முதல் சர்வர் அதை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மெயில் தாமதமாவது, திரும்பி வருவது, ஒரே மெயில் இரண்டு தடவை வருவது, சத்தமில்லாமல் ஸ்பேமுக்குள் போய் விழுவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் இருந்து கிளைத்தவைதான்.

அந்தப் பொது விதிகள் வயதானவை. கணினி விட்டுக் கணினிக்கு, @ குறியோடு, முதல் மெயிலை ரே டாம்லின்சன் அனுப்பியது 1971-ல். அமெரிக்காவில் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையில், இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட் வழியாக. (ஈமெயிலைக் கண்டுபிடித்தது ஒரு தமிழர் என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது குடும்ப குரூப்பில் ஒரு செய்தி சுற்றும். சிவா அய்யாதுரை நியூ ஜெர்சியில் மாணவராக இருந்தபோது, 1978-ல், ஒரு மருத்துவக் கல்லூரியின் அலுவலக உபயோகத்துக்காக 'இமெயில்' என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் எழுதினார், 1982-ல் அதற்குப் பதிப்புரிமையும் (காப்பிரைட்) பதிவு செய்தார். அது உண்மை. ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்பே நெட்வொர்க்கில் மெயில் ஓடிக்கொண்டிருந்தது.) சர்வர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகள் 1982 ஆகஸ்டில் வெளியாயின. 2008-ல் திருத்தி எழுதப்பட்ட அதன் வடிவம்தான் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அடிப்படைப் பேச்சுமுறை பெரிதாக மாறவில்லை.

அந்தப் பேச்சை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கடைப் பெயரில் சொந்த டொமைன் வாங்கி, மெயில் ஐடியும் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் உள்ள ஒரு கடைக்குக் கொட்டேஷன் அனுப்ப வேண்டும். முதலாளி தன் போனில் சென்ட் பட்டனைத் தட்டுகிறார். போனில் இருக்கும் ஆப் நேராகச் சிங்கப்பூருக்குப் போகாது. கடையின் மெயிலைத் தன் சர்வரில் வைத்து நடத்தும் ஹோஸ்டிங் கம்பெனியிடம், 587 அல்லது 465 என்ற போர்ட் (சர்வரின் வாசல் எண்) வழியாக, யூசர்நேமும் பாஸ்வேர்டும் காட்டி ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பயணம் முழுவதிலும் அனுப்புகிறவரிடம் பாஸ்வேர்ட் கேட்கப்படுவது இந்த ஒரு இடத்தில்தான்.

இனி வேலை அந்த சர்வருடையது. சிங்கப்பூர் ஐடியில் @-க்குப் பின்னால் உள்ள டொமைனை எடுத்து, "இந்த டொமைனுக்கு மெயில் வாங்குவது யார்?" என்று, டொமைன்களுக்கான முகவரிப் புத்தகம் போன்ற டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். எம்எக்ஸ் ரெக்கார்டு என்று ஒரு பதில் வரும். அதில் ஒன்றோ பலவோ சர்வர்களின் பெயர்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும். எண் குறைவாக உள்ள சர்வரை முதலில் தட்ட வேண்டும், அது திறக்காவிட்டால் அடுத்தது. @-க்கு முன்னால் உள்ள பெயரைப் பற்றி நம் பக்கத்து சர்வருக்குக் கவலையே இல்லை. அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்பது அந்த ஊர் சர்வருக்குத்தான் தெரியும்.

அப்புறம் 25-ஆம் போர்ட்டில் கதவைத் தட்டுகிறது. அந்தப் பக்கம் 220 என்று சொல்லித் தன் பெயரைச் சொல்கிறது. வந்தவர் தன் பெயரைச் சொல்கிறார். அனுப்புவது யார் என்று ஒரு வரி, பதில் 250, அதாவது சரி. யாருக்கு என்று ஒரு வரி, மறுபடி 250. "டேட்டா" என்று ஒரு சொல், பதில் 354, அதாவது சொல்லு, எழுதிக்கொள்கிறேன். அதன் பிறகுதான் மெயில் முழுவதும் வரிவரியாகப் போகிறது. முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம், தனியாக ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி. மெயிலுக்குள்ளேயே அப்படி ஒரு தனிப் புள்ளி வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். புள்ளியில் தொடங்கும் வரிக்கு அனுப்பும் சர்வர் கூடுதலாக ஒரு புள்ளி வைத்து அனுப்பும், வாங்கும் சர்வர் அதை எடுத்துவிடும். மனிதர்கள் டைப் அடித்தே பேசிப் பார்க்கும்படி இதை எழுதியிருக்கிறார்கள். பழைய சிஸ்டம் அட்மின்கள் டெல்நெட் என்ற பழைய புரோகிராமில் கையாலேயே இப்படி மெயில் அனுப்பி சோதித்துப் பார்ப்பார்கள்.

அந்தப் புள்ளிக்குப் பதிலாக வரும் 250-தான் முழு ஏற்பாட்டுக்கும் அச்சாணி. "வாங்கிக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு" என்பது அதன் பொருள். அந்தப் பதிலைச் சொன்ன பிறகு சர்வர் கிராஷ் ஆகிவிட்டது என்ற மாதிரி காரணத்துக்கெல்லாம் மெயிலைத் தொலைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. டெலிவரி செய்ய முடியாமல் போனால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும் கடமையும் அந்தக் கணத்தில் கைமாறிவிடுகிறது. ஒரு சர்வர் 250 சொல்லும் வரை முந்தைய சர்வர் தன் பிரதியை அழிக்காது. புள்ளி போய்ச் சேர்ந்து, 250 திரும்பி வருவதற்குள் லைன் அறுந்தால்? அந்தப் பக்கம் மெயிலை வாங்கியாகிவிட்டது, இந்தப் பக்கத்துக்கு அது தெரியாது. அதனால் இன்னொரு தடவை அனுப்பும். அங்கே ஒரே மெயில் இரண்டாக வந்து நிற்கும். தொலைவதைவிட இரண்டாக வருவது மேல் என்று எடுத்த முடிவு அது. நல்ல முடிவுதான் என்பேன். சிக்னல் வந்து வந்து போகும் பஸ் பயணத்தில் போனில் இருந்து அனுப்பும்போதும் இதே கதை நடக்கும்.

எண்கள் எல்லா நேரமும் 250 ஆக இருப்பதில்லை. 5-ல் தொடங்கினால் முடியவே முடியாது என்று அர்த்தம். 550 வந்தால் பெரும்பாலும் அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை. 552 வந்தால் அளவு மீறிவிட்டது. நம் சர்வர் அதோடு முயற்சியை விட்டுவிட்டு, மெயிலர் டீமன் என்ற பெயரில் முதலாளிக்கு ஒரு அறிவிப்பு அனுப்பும். பவுன்ஸ் ஆகிவிட்டது என்கிறோமே, அது. இந்த அறிவிப்பைச் சிங்கப்பூர் அனுப்பியதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நம் ஊர்க் கடையின் ஹோஸ்டிங் சர்வரே எழுதியது அது. அந்த அறிவிப்பை அனுப்பியவர் முகவரி வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் அறிவிப்பு போய்ச் சேராதபோது அதற்கு ஒரு அறிவிப்பு, அதற்கும் ஒரு அறிவிப்பு என்று இரண்டு சர்வர்கள் விடிய விடிய சண்டை போடும்.

4-ல் தொடங்கினால் விஷயம் வேறு. இப்போது முடியாது, அப்புறம் வா. சர்வரில் நெரிசல், இன்பாக்ஸ் நிரம்பியிருக்கிறது, இப்படி ஏதாவது. சிங்கப்பூர் சர்வர் முழுசாகப் படுத்துக்கிடந்தாலும் இதே கணக்குதான். நம் சர்வர் மெயிலைக் க்யூவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது விதிகளின் பரிந்துரை. திங்கட்கிழமை அனுப்பிய மெயில் வெள்ளிக்கிழமை பவுன்ஸ் ஆவதன் காரணம் இது. அதுவரை சென்ட் ஃபோல்டரில் அது சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

வேண்டுமென்றே 4 சொல்கிற சர்வர்களும் உண்டு. கிரேலிஸ்டிங் என்பார்கள். முன்பின் தெரியாத இடத்தில் இருந்து முதல் தடவை மெயில் வந்தால், கொஞ்ச நேரம் கழித்து வா என்று திருப்பி விடுவது. ஒழுங்கான சர்வர் க்யூவில் வைத்துத் திரும்ப வரும். லட்சக்கணக்கில் குப்பை மெயிலைக் கொட்டுகிற கும்பலுக்கு அந்தப் பொறுமை இருக்காது என்பது கணக்கு. புதுக் கம்பெனியில் இருந்து வரும் முதல் மெயில் அரை மணி நேரம் தாமதமாக வந்து, அடுத்தடுத்தவை உடனே வந்தால் இதுவாகத்தான் இருக்கும். பத்து நிமிஷத்தில் காலாவதியாகும் ஓடிபி மெயிலும் இதில் மாட்டும். அது ஓடிபியை மெயிலில் அனுப்ப நினைத்தவர்களின் தவறு என்பது என் கட்சி.

இனி எல்லோருக்கும் தலைவலி தருகிற இடத்துக்கு வருவோம். சர்வரும் சர்வரும் பேசும்போது பாஸ்வேர்ட் இல்லை என்று பார்த்தோம். அனுப்புவது யார் என்று வந்தவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வதுதான் 1982-ன் விதி. இன்னொன்றும் உண்டு. தபாலில் கவரின் மேல் ஒரு முகவரி இருக்கும், உள்ளே கடிதத்தின் தலைப்பில் அனுப்புநர், பெறுநர் என்று வேறு எழுதியிருக்கும். தபால்காரர் பார்ப்பது கவரை மட்டும்தான். மெயிலும் அப்படியே. சர்வர்கள் பேசிக்கொண்ட "யாரிடமிருந்து, யாருக்கு" என்பது கவர். நம் திரையில் தெரியும் ஃப்ரம், டு எல்லாம் உள்ளே இருக்கும் கடிதம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருவருக்குப் பிரதி அனுப்பும் பிசிசி வேலை செய்வது இந்த இடைவெளியால்தான். கவரில் அந்தப் பெயர் இருக்கும், கடிதத்தில் இருக்காது. வருமான வரித்துறை அனுப்பியது போல, பேங்க் அனுப்பியது போல மோசடி மெயில் வருவதும் இதே இடைவெளியால்தான்.

இதை அடைக்க மூன்று பூட்டுகளைப் பின்னால் மாட்டினார்கள், மூன்றுக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு எழுதி வைக்க வேண்டும். எஸ்பிஎஃப், "எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி" என்கிற பட்டியல். டிகேஐஎம், மெயிலின் உள்ளடக்கத்துக்கு அனுப்பும் சர்வர் இடும் டிஜிட்டல் கையெழுத்து. வழியில் உள்ளடக்கத்தை மாற்றினால் கையெழுத்து ஒத்துவராது. எஸ்பிஎஃப் சோதிப்பது கவரை. திரையில் தெரியும் ஃப்ரம் முகவரியோடு இவை ஒத்துப்போகின்றனவா, ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது மூன்றாவதான டிமார்க். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. யார் அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும், மொத்தமாக (ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் போல) அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும்.

நம் ஊர்ச் சின்னக் கடைகள் அடிபடுவது இங்கேதான். வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனும் ஹோஸ்டிங்கும் வாங்கிக் கொடுத்து, மெயில் ஐடியையும் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எஸ்பிஎஃப் வரி எழுதியிருக்க மாட்டார், அல்லது பிறகு ஹோஸ்டிங் மாற்றியபோது பழைய வரியையே விட்டிருப்பார். மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியை (இணையத்தில் சர்வரின் எண்) நூற்றுக்கணக்கான டொமைன்கள் பங்கு போடும். அவற்றில் ஒருவர் ஸ்பேம் அடித்து அந்த ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறினால் சேலைக் கடையும் சேர்ந்து மாட்டும். கொடுமை என்னவென்றால், சந்தேகத்துக்குரிய மெயிலுக்குப் பெரிய சர்வர்கள் எப்போதும் 550 சொல்வதில்லை. 250 சொல்லி முறையாக வாங்கிக்கொண்டு, பேசாமல் ஸ்பேம் ஃபோல்டரில் போட்டுவிடும். பவுன்ஸ் வராது, தகவல் வராது. முதலாளி கொட்டேஷன் போய்ச் சேர்ந்தது என்றிருப்பார், சிங்கப்பூர்க்காரர் இவர் அனுப்பவே இல்லை என்று வேறு கடைக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்.

அட்டாச்மென்ட் பற்றிக் கொஞ்சம். அந்தப் பழைய எஸ்எம்டிபி ஆங்கில எழுத்துகளை மட்டும் கடத்தப் பிறந்தது. படமும் பிடிஎஃப்பும் அதில் நேராக ஏறாது. 1992-ல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டை எழுதினார்கள். ஃபைலை மூன்று மூன்று பைட்டாக எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்புவது. அதனால் எந்த ஃபைலும் வழியில் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். மெயிலின் மொத்த அளவு 25 எம்பி என்று வரம்பு வைத்திருக்கும் சர்வரிடம் 18 எம்பி தாண்டினாலே சிக்கல்தான். பத்திரத்தை ஸ்கேன் செய்து 22 எம்பி பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டு, "25 வரைக்கும் போகும்னு போட்டிருக்கே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தமிழுக்கும் இதே பாதைதான். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'மதுரை' என்பது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து குறிகள், குறிக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து பைட், மைம் வழியே போகும்போது இருபது எழுத்து. நமக்கு ஒன்றும் தெரியாது, அந்தப் பக்கம் பிரித்து மறுபடி மதுரையாகவே காட்டும். ஆளுக்கொரு ஃபான்ட் வைத்துத் தமிழ் அடித்த காலத்தில் மெயிலைத் திறந்தால் கோணல் மாணலாக ஏதேதோ தெரிந்ததே, அந்தத் தொல்லை யூனிகோடோடு போயிற்று.

மெயில் ஐடியையே தமிழில் வைக்கவும் 2012-ல் விதி வந்துவிட்டது. அதை ஏற்கும்படி வழியில் உள்ள அத்தனை சர்வர்களும் தயாராக இருக்க வேண்டும், ஒன்று தயாராக இல்லாவிட்டாலும் திரும்பி வந்துவிடும் என்பதால் இன்னும் யாரும் விசிட்டிங் கார்டில் தைரியமாக அச்சடிப்பதில்லை.

சரி, மெயில் வந்து சேர்ந்துவிட்டது. இதுவரை பேசிய எஸ்எம்டிபியின் வேலை இதோடு முடிந்தது. சர்வரில் கிடக்கும் மெயிலை எடுத்துப் படிப்பதற்கு வேறு இரண்டு முறைகள் இருக்கின்றன. பாப் என்பது எண்பதுகளின் டயல்-அப் புத்தி: இணைப்புப் போடு, இருப்பதை எல்லாம் இறக்கு, சர்வரைக் காலி செய், லைனைத் துண்டி. போன் பில்லும் சர்வரில் இடமும் காசு கேட்ட நாளில் அது சரிதான். 1986-ல் மார்க் கிரிஸ்பின் தொடங்கிய ஐமேப் வேறு மாதிரி: மெயில் சர்வரிலேயே இருக்கும், போனும் கணினியும் அதை எட்டிப் பார்க்கும். எது படித்தது, எது படிக்காதது, எது எந்த ஃபோல்டரில் என்ற கணக்கும் சர்வரிலேயே இருப்பதால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும்.

அதே சேலைக் கடையின் கணக்குப்பிள்ளை கணினியில் பழைய அவுட்லுக் பாப் முறையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் கணினியைப் போட்டதும் அது எல்லா மெயிலையும் இறக்கிச் சர்வரைத் துடைத்துவிடும். முதலாளி மாட்டுத்தாவணியில் நின்று போனைத் திறந்தால் இன்பாக்ஸ் காலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும், கணக்குப்பிள்ளை வராததால், மெயில் தெரியும். இந்தக் குழப்பத்துக்குப் பரிகாரம் அவுட்லுக் செட்டிங்ஸில் சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்ற கட்டத்தை டிக் செய்வது, இல்லாவிட்டால் கணக்கை ஐமேப்புக்கு மாற்றுவது. மாற்றுவதே நல்லது. பாப்பில் இறக்கிய மெயில் அந்த ஒரு ஹார்டு டிஸ்கில்தான் இருக்கும், டிஸ்க் போனால் பத்து வருஷத்து ஆர்டர் விவரமும் அதோடு போகும்.

மறுபடி ஜெராக்ஸ் கடைக் கேள்விக்கு விடை தேடும் வழி என்ன? மெயில் வந்துவிட்டது ஆனால் தாமதம் என்றால், வாங்கியவர் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சர்வரும் வாங்கியபோது ஒரு 'ரிசீவ்டு' வரியை, நேரத்தோடு, மேலே மேலே ஒட்டியிருக்கும். அதனால் கீழே இருந்து மேலே படிக்க வேண்டும். கீழ் வரியில் 10:02, +0530 என்றும் மேல் வரியில் 12:25, +0800 என்றும் இருந்தால் பதற வேண்டாம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இரண்டாவது நேரம் நம் ஊர்க் கணக்கில் 9:55, அதாவது ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் தவறு. 12:55 என்று இருந்தால் இங்கே 10:25. இருபத்துமூன்று நிமிஷம் க்யூவில் நின்றிருக்கிறது, அநேகமாக கிரேலிஸ்டிங். ஆனால் இந்த வரிகள் எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது. வாங்கியவரின் சொந்த சர்வர் போட்ட மேல் வரி நிச்சயம், அதற்குக் கீழே உள்ளவற்றை அனுப்பியவரே இட்டுக்கட்டியிருக்கலாம்.

மெயில் வரவே இல்லை என்றால் வாங்குகிறவரிடம் பார்க்க எதுவும் இருக்காது. அப்போது கேட்க வேண்டியது அனுப்பியவரின் ஹோஸ்டிங் கம்பெனியை. கஸ்டமர் கேரில் "சென்ட்ல இருக்கு, போகலை" என்று சொல்லாமல், "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த ஐடிக்கு அனுப்பியதற்கு அந்தப் பக்கம் என்ன பதில் சொன்னது என்று லாக்கில் பாருங்கள்" என்று கேட்டால் ஒரே வரியில் விஷயம் தெரிந்துவிடும். 4-ல் தொடங்கும் எண் என்றால் க்யூவில் நிற்கிறது. 5 என்றால் காரணமும் அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். 250 என்றால் மெயில் இங்கே இல்லை. பெரும்பாலான சர்வர்கள் அந்த 250-க்குப் பக்கத்தில் தங்கள் க்யூ எண்ணையும் சேர்த்துச் சொல்லும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு சிங்கப்பூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு, முதலில் ஸ்பேம் ஃபோல்டரைப் பார்க்கச் சொல்லலாம். அங்கேயும் இல்லை என்றால், அந்த எண்ணை வைத்துத் தேடித் தர வேண்டியது அவருடைய மெயில் கம்பெனிக்காரர்.